வரைபடத்தில் உங்கள் தோட்டம் என்ன நிறம்?

கேள்வி: நான் மலேசியாவின் தென் கெடாவில், ஒரு தோட்ட நகரத்தை ஒட்டிய செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். வயது 43. கூலிமில் தொழிற்சாலை வேலை. எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலின் செயலாளராக இருக்கிறேன். ஏறக்குறைய 600 ஏக்கர் தோட்டம். நான்கு ஆண்டுகளாக மறுநடவு நடக்கவில்லை. போன மாதம் நில அளவைக்காரர்கள் வந்து சிவப்புச் சாயம் பூசிய முளைகளை அடித்துவிட்டுப் போனார்கள். வீடமைப்புத் திட்டம் வருகிறது என்று பேச்சு. தோட்டத்துக்குப் பின்னால் காட்டு மலை. அங்கிருந்து இறங்கும் ஓடை தோட்டத்தின் நடுவே ஓடி மூடா ஆற்றுப் பக்கம் போகிறது. நிலப் பட்டாவான கிராண்டில் 'விவசாயம்' என்று எழுதியிருக்கும்போது அங்கே எப்படி வீடு கட்ட முடியும்? நான்கு தலைமுறையாக இங்கே இருக்கும் எங்களுக்கு உரிமை இல்லையா? காட்டையும் தோட்டத்தையும் காப்பாற்ற 500 கையெழுத்து வாங்கி மாநில முதல்வரான மந்திரி பெசாரிடம் கொடுக்கலாம் என்கிறார்கள். சரியான வழிதானா?

பதில்:

அன்புள்ள தம்பி,

எனக்கு வரும் கடிதங்களில் பாதி, மண்வாரி இயந்திரம் இறங்கிய பிறகு எழுதப்பட்டவை. அவற்றோடு பார்த்தால், முளை அடித்தவுடனே எழுதிய நீங்கள் விழிப்பானவர்தான். ஆனால் முளைக்கும் முந்திய அறிவிப்பு ஒன்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மறுநடவு இல்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான். செம்பனைக்கு 25 வயதை நெருங்கும்போது மரம் உயர்ந்துவிடும், குலை அறுக்க ஆள் திணறும், விளைச்சலும் இறங்கும். அப்போது நிறுவனம் பழைய மரத்தைச் சாய்த்துக் கன்று நட்டு, ஏறக்குறைய மூன்று ஆண்டு வருமானம் இல்லாமல் காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் விற்க வேண்டும். நகரத்தின் தெருவிளக்கு தோட்டத்து எல்லைக்கு வந்துவிட்ட இடத்தில் கணக்கு எந்தப் பக்கம் சாயும் என்பது தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணிக்கும் தெரியும், பிள்ளை பார்க்கும் ஆயாக் கொட்டகைக் கிழவிக்கும் தெரியும். நானும் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் நகர, கிராமத் திட்டமிடலில் வேலை பார்த்தேன். கன்று நடாத தோட்டத்தைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். நான்கு தலைமுறை குடியிருந்தது உங்களுக்கு நிலத்தின்மேல் சட்ட உரிமை எதையும் தரவில்லை. தேசிய நிலச் சட்டத்தின் 341-ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது: ஒருவருடைய பட்டா நிலத்தில் இன்னொருவர் எத்தனை காலம் இருந்தாலும் அந்த இருப்பு நில உரிமையாளரின் உரிமையை அழிக்காது. அரசு நிலத்துக்கும் அதே கதைதான், அது 48-ஆம் பிரிவு. தோட்ட ஓரத்தில் காய்கறி போட்டு, மாடு கட்டி வைத்திருப்பவர்கள் சிலர் தற்காலிகக் குடியிருப்பு உரிமம் வைத்திருப்பார்கள். அது ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31-இல் காலாவதியாகிற காகிதம். இதையெல்லாம் உங்களைச் சோர்வாக்குவதற்காகச் சொல்லவில்லை. 'நூறு ஆண்டு' வாதத்தை மனுவின் முதல் வரியில் வைத்துத் தோற்ற பலரைப் பார்த்திருக்கிறேன். அது வேறோர் இடத்தில் பயன்படும். அந்த இடத்துக்குப் பிறகு வருகிறேன்.

அடுத்து, கிராண்டில் இருக்கும் 'விவசாயம்' என்ற சொல். நிலச் சட்டத்தில் நிலப் பயன்பாட்டுக்கு மூன்று வகைதான்: விவசாயம், கட்டடம், தொழில். பட்டாவில் விவசாயம் என்று இருந்தால் உரிமையாளர் இன்று அங்கே வீட்டு வரிசை கட்ட முடியாது என்பது உண்மை. ஆனால் நாளை முடியும். நில அலுவலகத்தில் 'துக்கார் ஷாரட்' என்பார்கள், நிபந்தனை மாற்றம். உரிமையாளர் விண்ணப்பிப்பார், மாநில அதிகாரம் இசைந்தால் பிரீமியம் கட்டுவார், விவசாயம் கட்டடமாகிவிடும். இதில் ஒரு சிக்கலைக் கவனியுங்கள். நிலமும் காடும் நம் அரசியலமைப்பின்படி மாநிலத்தின் கையில் இருப்பவை. வருமான வரி கூட்டரசுக்குப் போகிறது. நிலவரி, பிரீமியம், காட்டு மரத்துக்கான உரிமைத்தொகை ஆகியவை மாநிலக் கருவூலத்துக்கு வருகின்றன. பச்சை நிலம் பச்சையாகவே இருந்தால் மாநிலத்துக்கு ஆண்டுதோறும் கொஞ்சம் நிலவரி. அதை வீட்டு நிலமாக மாற்றினால் ஒரே தடவையில் பெரிய தொகை. எந்தக் கட்சி ஆண்டாலும் இந்தக் கணக்கு மாறுவதில்லை. காவல்காரனுக்கே கனியில் பங்கு உண்டு என்றால் தோப்பு எப்படி மிஞ்சும்?

40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்துக்கு இன்னொரு கதவும் உண்டு. அதைக் கைமாற்ற மாநிலத்தின் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும் என்கிறது 214ஏ பிரிவு. நம் பெரியவர்கள் 'துண்டாடல்' என்று சொல்லிக் கண்ணீர் விடுவார்களே, அந்தக் காலத்து வடு இது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்ற தோட்டங்களைத் துண்டு துண்டாக்கி விற்றபோது தொழிலாளர்கள் தெருவில் நின்றார்கள். துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அதனால்தான். மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தில் முதலில் வாங்கிய தோட்டம் உங்கள் கெடாவில் இருக்கும் புக்கிட் சிடிம். நிலத்தைக் காக்க விலை கொடுத்து வாங்குவதைவிட உறுதியான வழியை அன்றைக்கும் யாரும் கண்டுபிடிக்கவில்லை, இன்றைக்கும் கண்டுபிடிக்கவில்லை. உங்கள் 600 ஏக்கரை வாங்க நம்மிடம் பணம் இல்லை. ஆகையால் இரண்டாவது வழியைப் பேசுவோம்.

அந்த வழி ஒரு வரைபடத்தில் இருக்கிறது. 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தை அலுவலகங்களில் 'அக்தா 172' என்பார்கள். அதன்படி தீபகற்ப மலேசியாவின் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஓர் அமைப்புத் திட்டமும், அதற்குக் கீழே உள்ளூர்த் திட்டமும் உண்டு. நகராண்மைக் கழக முகப்பில் போய் நிற்கும்போது உள்ளூர்த் திட்டத்தை 'ரன்சாங்கான் தெம்பாத்தான்' என்று கேளுங்கள். வழக்கமாக அதில் குடியிருப்பு ஆரஞ்சு நிறம், வணிகம் நீலம், தொழில் ஊதா, விவசாயம் வெளிர்பச்சை, காடு அடர்பச்சை. பட்டாவில் உள்ள சொல் நில அலுவலகத்தின் பேச்சு என்றால், இந்த நிறம் திட்டமிடல் அதிகாரத்தின் பேச்சு. உள்ளூர்த் திட்டத்துக்கு முரணாகத் திட்ட அனுமதி கொடுக்கக் கூடாது என்று சட்டம் கட்டுகிறது. அதனால் உங்கள் தோட்டத்தின் மேல் விழுந்திருக்கும் நிறம் பச்சையா ஆரஞ்சா என்பதுதான் உங்கள் கேள்வி அனைத்துக்கும் தாய்க் கேள்வி.

இந்த இடத்தில்தான் நம் மக்கள் வழுக்கி விழுகிறார்கள். அண்டை நிலத்தில் கட்டடம் வந்தால் நமக்குக் கடிதம் வரும், ஆட்சேபிக்கலாம் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். சட்டத்தின் 21-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். அப்படி எழுத்து மூலம் அறிவித்து 21 நாள் அவகாசம் தரவேண்டிய கட்டாயம், உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதிகளுக்குத்தான். அங்கும் அறிவிப்பு போவது பக்கத்து நிலத்தின் உரிமையாளருக்கு. லயத்து வீட்டில் இருப்பவர் உரிமையாளர் அல்லர். பட்டா இல்லாத கோயிலும் உரிமையாளர் அல்ல. உள்ளூர்த் திட்டம் அரசிதழில் வந்துவிட்ட இடத்தில் அந்த அறிவிப்புக்கும் சட்டக் கட்டாயம் இல்லை. ஏன்? திட்டம் தயாரானபோதே ஊராரைக் கேட்டாகிவிட்டது என்பது சட்டத்தின் நினைப்பு. வரைவு உள்ளூர்த் திட்டத்தை நாளிதழில் அறிவித்து, மக்கள் பார்வைக்கு வைத்து, ஆட்சேபம் எழுதக் குறைந்தது நான்கு வாரம் தரவேண்டும். பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு ஊரின் தலையெழுத்தை எழுதும் காகிதத்துக்கு நமக்குக் கிடைக்கும் சன்னல் அந்த நான்கு வாரம்தான். அப்போது நாம் தீமிதிக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருப்போம். தமிழ்ப் பத்திரிகையில் அறிவிப்பு வந்தாலும், அதற்கு மேலே இருக்கும் அரசியல் சண்டையைப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவோம்.

நான் பணியில் இருந்த காலத்தில் ஒரு மாவட்டத்தின் வரைவுத் திட்டத்தை மண்டபத்தில் விரித்து வைத்திருந்தோம். ஆட்சேபங்கள் கட்டுக்கட்டாக வந்தன. அவற்றில் ஒரு கட்டு, ஒரே கடிதத்தை நகலெடுத்து முந்நூறு பேர் கையெழுத்திட்டது. 'எங்கள் தோட்டத்தைக் காப்பாற்றுங்கள்', அவ்வளவுதான். பதிவேட்டில் அதை ஒரே ஆட்சேபமாக எழுதிக்கொண்டோம். அதே மண்டபத்துக்கு ரப்பர் மரத்தில் பால் வெட்டிய முன்னாள் தொழிலாளி ஒருவர், வயதானவர், ஒரு புகைப்படத்தோடு வந்தார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் இடுப்பளவு தண்ணீர். எந்த ஆண்டு, எந்த மாதம், ஓடை எந்த வளைவில் கரை உடைத்தது என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினார். அங்கே நாங்கள் ஆரஞ்சு தீட்டியிருந்தோம். இறுதித் திட்டத்தில் அந்த வளைவு பச்சையாக வந்தது. படித்த நாங்கள் நால்வரும் பார்க்காத வெள்ளத்தை அவர் பார்த்திருந்தார். உங்கள் நான்கு தலைமுறை பயன்படுகிற இடம் இதுதான். உரிமைக்காரராக அல்ல, சாட்சியாக.

எனவே 500 கையெழுத்தைப் பற்றி என் கருத்து: வாங்குங்கள், தவறில்லை, மந்திரி பெசாரோடு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை ஆட்சேபம் என்று நம்பாதீர்கள். நிலத்தின் லாட் எண், திட்டத்தின் பெயர், பக்க எண், எந்த நிறத்தை எந்த நிறமாக மாற்றக் கேட்கிறீர்கள், ஏன் என்று எழுதிய பத்துக் கடிதங்கள் அதைவிடக் கனமானவை. ஒவ்வொன்றின் கீழும் 'விசாரணையில் நேரில் பேச விரும்புகிறேன்' என்று எழுதச் சொல்லுங்கள். நகராண்மைக் கழக உறுப்பினர்கள் நம் நாட்டில் நியமிக்கப்படுபவர்கள். ஊராட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டது நிறுத்தப்பட்டதுதான். ஓட்டைக் காட்டி அவர்களை அசைக்க முடியாது என்பதால், கோப்பில் நிற்கும் எழுத்துதான் உங்கள் ஓட்டு.

இனி காடு. கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் கடிதத்தில் தோட்டத்தையும் காட்டையும் ஒரே மூச்சில் சொல்கிறீர்கள். செம்பனை காடு அல்ல. அதை மனுவில் காடு என்று எழுதினால் எதிர்த் தரப்பு ஆலோசகர் சிரித்துக்கொண்டே இரண்டு வரியில் தள்ளிவிடுவார். தோட்டத்தைக் காக்கும் வாதம் வேறு: வெள்ள நீர் தேங்கும் தாழ்நிலம், உணவு விளையும் மண், மலைக்கும் நகரத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளி. மலையைக் காக்கும் வாதம் வேறு: அது நீர்ப்பிடிப்பு. மூடா ஆற்றை நம்பி உங்கள் மாநிலம் மட்டும் இல்லை. பினாங்கு மாநிலத்தின் கச்சா நீரில் 80 விழுக்காட்டுக்கு மேல் அந்த ஆற்றிலிருந்தே எடுக்கப்படுகிறது. அந்த ஆற்றில் சேரும் ஓடை உங்கள் வீட்டுக் கொல்லையில் ஓடுகிறது என்றால், அது உங்கள் ஊர் விவகாரமாக மட்டும் இருக்காது.

மலை 'ஹூத்தான் சிம்பான்', அதாவது அரசிதழில் பதிவான வனக்காப்பு நிலமா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். பதிவாகியிருந்தால் வனச் சட்டத்தின் காப்பு உண்டு. அந்தச் சட்டத்தை 2022-இல் நாடாளுமன்றம் திருத்தியது. வனக்காப்பு நிலத்தை நீக்கும் முன் பொது விசாரணை வேண்டும், நீக்கினால் ஈடாக வேறு நிலத்தைச் சேர்க்க வேண்டும் என்பது திருத்தத்தின் சாரம். ஆனால் நிலம் மாநிலத்தினுடையது என்பதால் ஒவ்வொரு மாநிலமும் அதை ஏற்றால்தான் அங்கே நடைமுறைக்கு வரும். விசாரணை இருந்தாலும் கண்ணயர முடியாது. சிலாங்கூரில் 2011 முதலே அந்த விதி உண்டு. இருந்தும் வடக்கு கோலலங்காட் வனத்தில் 500 ஹெக்டருக்கு மேற்பட்ட பகுதி நீக்கப்பட்ட செய்தி 2021-இல் வெளியே வந்தது. மக்கள் கொதித்த பிறகு, அதே ஆண்டு செப்டம்பரில் மாநில அரசு முடிவை மாற்றிக்கொண்டது. பெயரில் வனமாகவே இருந்துகொண்டு உள்ளே மரங்கள் சாய்வதும் உண்டு. 2022 ஜூலை 4-ஆம் தேதி பாலிங்கில் மலையிலிருந்து மரமும் சேறுமாய் இறங்கிய வெள்ளம் மூவரைக் கொண்டுபோனது. மேலே குனோங் இனாஸ் பகுதியில் டுரியான் நடுவதற்காக நடந்த காடழிப்பைப் பற்றி நாடு முழுதும் வாதம் எழுந்தது உங்களுக்கு நினைவிருக்கும், உங்கள் மாநிலம்தானே. ஆகவே காடு காடாகவே இருக்கிறதா என்று வாரத்துக்கு ஒரு தடவை ஏறிப் பார்க்கும் இரண்டு இளைஞர்கள் உங்களுக்கு வேண்டும்.

சரி, நகரம் ஏன் இப்படித் தோட்டத்தின் மேலேயே பாய்கிறது? உங்கள் ஊரின் பழைய கடைத்தெருவைப் பாருங்கள். மாடிகள் பூட்டிக் கிடக்கும், பின்னால் புல் முளைத்த காலி மனைகள். அங்கே கட்ட வேண்டுமானால் இருபது உரிமையாளரோடு பேச வேண்டும், அதில் நான்கு பேர் வாரிசுச் சண்டையில் இருப்பார்கள். தோட்டமோ ஒரே உரிமையாளர், சமமான நிலம், உள்ளே போகச் சாலையும் ஏற்கெனவே உண்டு. ஒரே கையெழுத்தில் 600 ஏக்கர். சுபாங் ஜெயா சீஃபீல்டு தோட்டம். புத்ராஜெயா பிராங் புசார் தோட்டம். இன்று மாளிகையாய் நிற்கும் மோண்ட் கியாராவைச் சுற்றியது புக்கிட் கியாரா தோட்டம்.

அந்த புக்கிட் கியாராவை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தோட்டத்தை 1980-களில் அரசு எடுத்துக்கொண்டபோது தொழிலாளர்களை நீண்ட வீடுகளுக்கு மாற்றினார்கள், நிரந்தர வீடு வரும் என்றார்கள். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் காத்திருந்தார்கள். பிறகு பக்கத்திலிருந்த ரிம்பா கியாரா பூங்காவில் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு 2017-இல் அனுமதி கிடைத்தது. இவர்களுக்கான வீடும் அதே பொட்டலத்தில் கட்டப்பட்டிருந்தது. பூங்காவைக் காக்கச் சுற்றுவட்டாரக் குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2023 ஜனவரியில் கூட்டரசு நீதிமன்றம் அனுமதியை ரத்துசெய்தது. நகரின் அமைப்புத் திட்டத்தை ஒதுக்கித் தள்ளிவிட்டு, காரணமும் சொல்லாமல், மாநகராட்சி அனுமதி கொடுக்க முடியாது என்பது தீர்ப்பின் உள்ளடக்கம். திட்டமிடல்காரனாக நான் அதைக் கொண்டாடினேன். லயத்தில் பிறந்தவனாக, அந்த நீண்ட வீட்டுக்காரர்களின் முகத்தை நினைத்தால் கொண்டாட முடியவில்லை. பச்சைக்கு எதிராக ஏழையை நிறுத்துவது பழைய தந்திரம். உங்கள் ஊரிலும் வரும். 'வீடமைப்பை எதிர்க்கிறீர்கள், உங்கள் பிள்ளைகளுக்கு வீடு வேண்டாமா?' என்பார்கள். பதிலை இப்போதே தயார் செய்யுங்கள்: வீடு வேண்டும், நகரத்தோடு ஒட்டிய ஓரத்தில், தார்ச்சாலையும் பஸ்ஸும் ஏற்கெனவே இருக்கும் பக்கத்தில், நெருக்கமாகக் கட்டுங்கள். மலையடியையும் ஓடையையும் விடுங்கள்.

இதற்குச் சட்டத்தில் உங்களுக்கு ஒரு பிடி உண்டு. உங்கள் 600 ஏக்கர் என்பது ஏறத்தாழ 243 ஹெக்டர். 100 ஹெக்டரைத் தாண்டும் புதிய நகர்த் திட்டத்துக்கு உள்ளூர் மன்றம் மட்டும் முடிவெடுக்க முடியாது. தேசியத் திட்டமிடல் மன்றத்தின் ஆலோசனையைப் பெற வேண்டும். நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் 100-க்குக் கீழே காட்டி விண்ணப்பிக்கிறார்களா என்று கவனியுங்கள்.

ஓடைக்கும் கணக்கு உண்டு. வடிகால், நீர்ப்பாசனத் துறையின் வழிகாட்டியில், 10 முதல் 20 மீட்டர் அகலமுள்ள ஆற்றுக்கு ஒவ்வொரு கரையிலும் 20 மீட்டர் ஒதுக்க வேண்டும். 5 முதல் 10 மீட்டர் என்றால் 10 மீட்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் இளைஞர்களைக் கூட்டிக்கொண்டு நாடாவோடு போய் ஓடையை நான்கைந்து இடங்களில் அளந்து, படம் எடுத்து, தேதி போட்டு வையுங்கள். மேம்பாட்டு நிறுவனத்தின் வரைபடத்தில் ஓடை திடீரென்று மெலிந்து கான்கிரீட் வாய்க்காலாகிவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கோயில், தமிழ்ப்பள்ளி, இடுகாடு பற்றிச் சுருக்கமாக. இவை மூன்றும் தோட்டத்தின் பட்டாவுக்குள் இருந்தால் தோட்டத்தோடு சேர்ந்து விலைபோகும். உள்ளூர்த் திட்டத்தில் மூன்றையும் தனித்தனியே வழிபாடு, கல்வி, இடுகாடு என்று குறிக்கச் சொல்லுங்கள். பிறகு நிறுவனம் நிலத்தை அரசிடம் ஒப்படைத்துத் தனிப் பட்டா எடுக்கும்போது, திட்ட அனுமதியின் நிபந்தனையாகவே அவற்றை வைக்கச் சொல்லுங்கள். வாய் வார்த்தையாகக் கொடுத்த வாக்குறுதி, நிறுவனத்தில் மேலாளர் மாறும் நாளில் ஓய்வுபெறும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: நாளை மறுநாள் நில அலுவலகத்துக்குப் போய், லாட் எண்ணைக் கொடுத்து, கட்டணம் கட்டி நிலப் பதிவேட்டில் 'தனியார் தேடல்' செய்யுங்கள். யாரும் செய்யலாம். உரிமையாளர் யார், நிலத்தின் வகை இன்னும் விவசாயம்தானா, கட்டுப்பாடு என்ன என்று தெரியும். அங்கிருந்து நகராண்மைக் கழகத்தின் திட்டமிடல் பிரிவு. உள்ளூர்த் திட்டத்தில் அந்த லாட் என்ன நிறம், திட்ட அனுமதிக்கு விண்ணப்பம் வந்திருக்கிறதா என்று எழுத்து மூலம் கேளுங்கள். திட்டமிடல் துறையின் ஐ-பிளான் இணையத்தளத்திலும் நிறத்தைப் பார்க்கலாம், என்றாலும் முகப்பில் கேட்டு முத்திரை வாங்கிய நகல் வேறு.

நிறம் ஆரஞ்சாக இருந்தால் தோட்டத்தை அப்படியே நிறுத்தி வைப்பது இனி இயலாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடை, மலையடி, பள்ளி, உங்கள் மக்களுக்கு வீடு ஆகிய நான்கை மட்டும் பிடித்துப் போராடுங்கள். பச்சையாக இருந்தால், அந்த முளைகள் அவசரப்பட்டு அடித்தவை. நிறத்தை மாற்ற அவர்கள் திட்டத்தையே திருத்த வேண்டும், திருத்தத்துக்கும் அறிவிப்பும் ஆட்சேபக் காலமும் உண்டு. அந்த அறிவிப்பைத் தவறவிடாமல் இருக்க, நாளிதழின் அறிவிப்புப் பக்கத்தைத் தினமும் பார்க்கும் வேலையைக் கோயில் குழுவில் ஒருவருக்கு ஒப்படையுங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் யாராவது இருந்தால் நல்லது, அவர்கள் ஒரு வரி விடமாட்டார்கள்.

அடுத்த கடிதத்தில் லாட் எண்ணையும் நிறத்தையும் எழுதுங்கள், ஆட்சேபத்தை நானே உட்கார்ந்து வரைந்து தருகிறேன். முளைகளைப் பிடுங்க வேண்டாம் என்று பையன்களிடம் சொல்லி வையுங்கள். எல்லைக் கல்லையோ அளவைக் குறியையோ பிடுங்கினால் அது குற்றம். காவல் நிலையத்துக்கு அலையும் நேரத்தில் அந்த நான்கு வாரம் கடந்துபோய்விடும்.